காணாத துயருக்கு ஈதல்

மனிதன் பெரும்பாலும் கண்டபின்தான் கொடுக்கிறான். பசித்தவன் வாயிலில் வந்து நின்றால் சோறிடுகிறான். நோயுற்ற குழந்தையின் படத்தை நாளிதழில் கண்டால் பணம் அனுப்புகிறான். வெள்ளத்தில் வீடிழந்தோரைப் பற்றிக் கேள்வியுற்றால் துணிமூட்டை கட்டுகிறான். கண் கண்டது, நெஞ்சு நெகிழ்ந்தது, கை நீண்டது என்னும் வரிசையிலேயே நம் ஈகையின் பெரும்பகுதி நிகழ்கிறது. இதனைக் குறை கூறுவார் எவருமிலர். பிறர் துயர் கண்டு நெஞ்சம் அசைவதைத்தானே இரக்கம் என்கிறோம்?

ஆயின், இன்னும் நேராத துயருக்காக, இன்னார் என்று அறியப்படாத ஒருவருக்காக, மாதந்தோறும் கணக்கு வைத்துக் கொடுக்கப்படும் பொருளை எவ்வாறு மதிப்பது? அது இரக்கமா, அல்லது வெறும் ஏற்பாடா? அதனைக் கொடுப்பது ஒரு வணிக நிலையமாக இருந்து, கொடையால் அதற்கு நற்பெயரும் வாடிக்கையும் பெருகுமாயின், அதனைத் தானம் எனல் பொருந்துமா? இவ்வினாக்களைச் சொல்லளவில் மட்டும் ஆராய்வதைவிட, அவை அன்றாடம் எழுகின்ற ஓரிடத்தை முன்வைத்து ஆராய்வது நலம். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டை இதற்கு எடுத்துக்கொள்வோம். அங்கே உயிர்காக்கும் ஹெலிகாப்டர்கள் பறப்பது பொதுமக்கள் அளிக்கும் நன்கொடையால் ஆகும். அந்நன்கொடையில் சிற்றூர்க் கடைகளின் பங்கு கண்கூடானது.

பிரிட்டனில் மருத்துவம் பொதுப்பொறுப்பு என்பதை நாம் அறிவோம். 1948 ஜூலை 5 முதல் அங்கே தேசிய நலவாழ்வுத் துறை இயங்கி வருகிறது. செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி யாவர்க்கும் மருத்துவம் கிடைக்கிறது. எனினும் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் மட்டும் வேறு வழியில் வளர்ந்தது. 1987இல் கார்ன்வால் பகுதியில் முதன்முதலாகத் தொடங்கிய இப்பணி, பின்னர் ஒவ்வொரு வட்டாரமாகப் பரவியது. இன்று 20க்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் இதனை நடத்துகின்றன. வேல்ஸ் நாட்டுக்கான அறக்கட்டளை 2001 மார்ச் 1 அன்று தோன்றியது. நான்கு ஹெலிகாப்டர்களை இயக்க ஆண்டுதோறும் 1 கோடியே 12 லட்சம் பவுண்டு தேவை என அது அண்மை ஆண்டுகளில் அறிவித்துள்ளது. உடன் செல்லும் மருத்துவர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் அரசின் நலவாழ்வுத் துறை தருகிறது. ஹெலிகாப்டருக்கும் அதன் எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவை மக்கள் தருகின்றனர்.

இதன் இன்றியமையாமையை உணர, வேல்ஸின் நடுவே உள்ள பவிஸ் மாவட்டத்தை எண்ணிப் பார்த்தல் போதும். சுமார் 5,200 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,33,000 மக்கள். குன்றுகளும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த அந்நிலத்தில் சாலைகள் குறுகியவை, வளைந்து செல்பவை. முழு வசதியுள்ள பெரிய பொது மருத்துவமனை ஒன்றேனும் மாவட்டத்தின் எல்லைக்குள் இல்லை. மக்கள் எல்லை கடந்து இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக்கோ ஹெர்ஃபோர்டுக்கோ செல்லவேண்டும். அன்றேல் மேற்குக் கடற்கரையின் அபெரிஸ்ட்வித் நகருக்குச் செல்லவேண்டும். மலைச்சரிவில் டிராக்டர் கவிழ்ந்து அதனடியில் சிக்கிய உழவனுக்கு அத்தொலைவு உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவாகும். ஹெலிகாப்டரில் வரும் மருத்துவர் குழு, விபத்து நேர்ந்த இடத்திலேயே மயக்க மருந்து கொடுக்கவும் இரத்தம் ஏற்றவும் வல்லது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் முன்னரே, மருத்துவமனையின் ஒரு கூறு நோயாளியிடம் வந்து சேர்கிறது.

இனி, அத்தகைய ஓர் ஊரின் கடை ஒன்றை நினைத்துப் பார்ப்போம். உழவர்க்குத் தீவனமும் வேலிக்கம்பியும் விற்கும் கடையாகவோ, ரொட்டிக் கடையாகவோ, வண்டி பழுது பார்க்கும் பட்டறையாகவோ அது இருக்கலாம். கல்லாவின் அருகே அறக்கட்டளையின் உண்டியல் ஒன்று இருக்கும். ஆண்டில் ஒருநாள் கடையின் ஊழியர்கள் மலையேறியோ, நெடுந்தூரம் சைக்கிள் மிதித்தோ, அதற்காக அறிந்தோரிடமெல்லாம் நிதி திரட்டுவர். பழைய துணிகளைத் திரட்டி அறக்கட்டளையின் விற்பனை நிலையத்திற்கு அனுப்புவர். விடுமுறை நாளில் சிலர் அந்நிலையத்திலேயே ஊதியமின்றி நின்று துணி மடித்து விற்பர். சிலர் சந்தையின் வாயிலில் வாளி ஏந்தி நிற்பர். ஆண்டின் இறுதியில் திரண்ட தொகையைக் கடையின் பெயரால் அளிப்பர். உள்ளூர் நாளிதழில் ஒரு படமும் வெளிவரும்.

அந்தப் படத்திடத்தில்தான் முதல் ஐயம் எழுகிறது. கொடுத்தவர் யார்? உண்டியலில் விழுந்த காசு வாடிக்கையாளருடையது. மலையேறிய கால்கள் ஊழியருடையவை. சைக்கிள் பயணத்திற்குப் பணம் தந்தவர் அவர்தம் உற்றாரும் அண்டை வீட்டாரும். நிறுவனம் தன் இலாபத்திலிருந்து கொடுத்தது எவ்வளவோ, அவ்வளவே அதன் கொடை. அதிலும் வரிச்சலுகை உண்டு. ஆதலின் ஒரு பகுதியை அரசின் கருவூலமே ஏற்கிறது. பலர் கை நீர் ஒரு குடத்தில் நிறைய, குடத்தின் மேல் ஒருவர் பெயர் எழுதப்படுவது நேர்மையா?

இந்த ஐயம் பிரிட்டனின் சட்டத்திற்கும் எழுந்தது. ஒரு பொருளை விற்கும்போது, விலையின் ஒரு பகுதி அறக்கட்டளைக்குச் செல்லும் என்று வணிகர் கூறுவாராயின், அப்பகுதி எவ்வளவு என்பதை வாங்குவோர்க்கு அவர் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என 1992ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டம் விதித்தது. அறம் என்னும் சொல்லைக் காட்டிச் சரக்கை விற்றுவிட்டு, அறத்திற்குச் சில காசுகளை மட்டும் உதிர்ப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். சட்டம் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியதை மனச்சான்று செய்யவேண்டும். இது வாடிக்கையாளர் தந்தது, இது ஊழியர் உழைத்தது, இது கடையின் இலாபத்திலிருந்து எடுத்தது என மூன்று பத்தியாகப் பேரேட்டில் எழுதி, அம்மூன்றையும் அவ்வாறே வெளியிடும் வணிகரைப் புகழ் விரும்பி எனப் பழித்தல் தகாது. பிறர் ஈகையைத் தன் ஈகையாகக் காட்டாமை, கள்ளாமையின் நுண்ணிய ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம்.

புகழ் வந்து சேர்வதாலேயே கொடை மாசுபடும் என்று கூறுவாரும் உளர். இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடையின் பெயர் பரவுவதைக் கண்டு அண்டைக் கடைக்காரரும் உண்டியல் வைத்தாரெனில், அடிபட்டுக் கிடப்போருக்கு அதனால் இழப்பில்லை. எண்ணத்தின் தூய்மை கொடுப்பவரின் வினைக்கணக்கைச் சார்ந்தது. கொடையின் பயன் பெறுபவரின் உயிரைச் சார்ந்தது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். முன்னதில் குறையுண்டு என்பதால் பின்னதை நிறுத்துமாறு கூறுவது, மருந்து தருபவன் செருக்குடையான் என்று நோயாளியிடமிருந்து மருந்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும். எனினும் கொடுப்பவர் தமக்குத் தாமே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம்: படம் வெளிவராத ஆண்டிலும் இதே தொகையைக் கொடுப்போமா? விடை ஆம் எனில், புகழ் அக்கொடையைத் தொடர்ந்து வந்த நிழல். இல்லையெனில், அது விளம்பரச் செலவில் எழுதப்படவேண்டிய தொகை.

ஊழியர் தரும் தொண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலாளி அறம் செய்ய விரும்புகிறார். ஊழியர் ஞாயிற்றுக்கிழமை வாளி ஏந்தவேண்டும். 'விருப்பமுள்ளோர் வரலாம்' என்னும் அறிவிப்பைச் சம்பளம் தருபவர் எழுதும்போது, அதில் விருப்பம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு? பிறருடைய ஓய்வை எடுத்துத் தான் கொடுப்பது தானமாகாது. ஆதலின் தொண்டுக்கு வாராதவரை வந்தவரோடு ஒப்பிடாமை, வருவோர்க்கு வேலை நேரத்திலேயே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தல், முதலாளியும் அவ்வாளியை ஏந்தி மழையில் நிற்றல் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அத்தொண்டு தொண்டாகும். பொருளைக் கொடுப்பவர் மிகுந்ததைக் கொடுக்கக்கூடும். நேரத்தைக் கொடுப்பவருக்கோ மிகுதி என்பது இல்லை. வாழ்நாளில் ஒரு பகுதியை அவர் வெட்டித் தருகிறார்.

இதுவரை கொடுப்பவரைப் பற்றிக் கூறினோம். கொடுக்கப்படும் பொருள் யாது என்று வினவினால் கட்டுரையின் மையத்தை அடைவோம். உண்டியலில் விழும் காசு எதனை வாங்குகிறது? சிகிச்சையை என்று விடை கூறத் தோன்றும். உண்மையில் அது முதற்கண் காத்திருப்பை வாங்குகிறது. எவரும் அடிபடாத நாளிலும் ஹெலிகாப்டர் நிற்கவேண்டும், விமானி விழித்திருக்கவேண்டும், எந்திரம் சோதிக்கப்பட்டிருக்கவேண்டும், எரிபொருள் நிறைந்திருக்கவேண்டும். அழைப்பு வந்தபின் நிதி திரட்டத் தொடங்கினால், நிதி திரண்டு முடிவதற்குள் உயிர் போய்விடும். கண்டபின் இரங்கும் இரக்கம் இங்கே காலங்கடந்த இரக்கம். காணும் முன்னரே கொடுத்து வைத்தால்தான் காணும்போது உதவ முடியும்.

இவ்விடத்தில் வணிகரின் தொழிலறிவு அறத்திற்குத் துணையாகிறது. வாடிக்கையாளர் வந்து கேட்டபின் சரக்குப் பிடிக்கப் புறப்படும் கடைக்காரர் எவருமிலர். எவர் வருவார், எந்நாள் வருவார் என்று அறியாமலே அவர் தட்டில் பொருளை நிரப்பி வைக்கிறார். விற்காத நாளிலும் கடையைத் திறந்து வைக்கிறார். நெஞ்சு நெகிழும் நாளில் மட்டும் கடை திறப்பவர் வணிகராக நீடிக்கமாட்டார். இந்த ஒழுங்கு, இந்த முன்னேற்பாடு, இந்தத் தவறாத கணக்கு ஆகியவற்றை இலாபத்திற்காகப் பழகிய கை, அவற்றை அறியாத ஒருவரின் உயிருக்காகச் செலுத்துவதில் தனிச்சிறப்பு உண்டு. உணர்ச்சி மிகுந்தவர் ஒருமுறை பெருந்தொகை தருவார். கடைக்காரர் மாதந்தோறும் சிறுதொகை தருவார். ஆண்டு முழுதும் காத்திருக்கவேண்டிய ஹெலிகாப்டருக்கு வேண்டுவது இரண்டாமவரே.

நம் வழக்கில் தானத்தை ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நான்காக எண்ணுவர். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு அளிப்பதை ஔஷத தானம் என உடனே வகைப்படுத்தத் தோன்றும். அடிபட்டு அதில் ஏற்றப்பட்டவருக்கு அது ஔஷதமே. ஆயின் ஏற்றப்படுவோர் மக்களில் மிகச் சிலர். எஞ்சியோர்க்குக் கிடைப்பது யாது? மலைச்சரிவில் தனித்து உழைப்பவனின் மனைவிக்கும், மருத்துவமனையிலிருந்து நெடுந்தொலைவில் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கும், தனியே வாழும் முதியவருக்கும் கிடைப்பது, அழைத்தால் வருவார் உளர் என்னும் உறுதி. அவர்கள் ஒருநாளும் அழைக்காமலே வாழ்ந்து முடிக்கலாம். எனினும் அவ்வுறுதியின் நிழலில் வாழ்கின்றனர். இதனை அபய தானம் என்று கூறுவதில் தவறில்லை என எண்ணுகிறோம்.

பெறுபவரை நோக்கினும் இக்கொடைக்கு ஒரு தூய்மை உண்டு. பாத்திர தானத்தில் பெறுபவரின் தகுதி நோக்கப்படும். கருணா தானத்தில் துயர் ஒன்றே தகுதி. ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழே கிடப்பவர் நல்லவரா தீயவரா, உண்டியலில் காசு போட்டவரா போடாதவரா என்று எவரும் வினவுவதில்லை. பிழைத்தவருக்கும் யாருக்கு நன்றி கூறுவது என்று தெரியாது. ஆயிரக்கணக்கானோர் இட்ட காசில் எந்தக் காசு தம்மைத் தூக்கியது என்று எவ்வாறு அறிவது? கொடுத்தவர் செருக்குறவும் பெற்றவர் நாணவும் இடமில்லாத கொடை அரிது. மேலும் கொடுத்தவரே நாளை பெறுபவராகவும் கூடும். இதனால் அது தன்னலம் ஆகிவிடுமோ எனில், ஆகாது. தனக்கு வேண்டும் என்று கருதுவதைப் பிறர் யாவர்க்கும் சேர்த்தே ஏற்பாடு செய்பவன் தன்னலத்தின் எல்லையைக் கடந்துவிட்டான்.

இங்கே இன்னொரு வினாவைத் தவிர்க்கலாகாது. உயிர் காப்பது அரசின் கடமையன்றோ? அதனைக் கடைக்காரரின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடல் முறையா? ஸ்காட்லாந்தில் அரசின் செலவிலேயே ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இயங்குகிறது. 2013 முதல் அறக்கட்டளை ஒன்றும் அதனோடு சேர்ந்து பணியாற்றுகிறது. ஆதலின் அரசால் இயலாது என்பதற்கில்லை. மறுபுறம், கடலில் தத்தளிப்போரைக் காக்கும் படகுச் சங்கம் பிரிட்டனில் 1824 முதல் நன்கொடையாலும் தொண்டராலும் நடந்து வருகிறது. அரசு தன் கைக்கு எடுக்கட்டும் என்று அம்மக்கள் அதனைக் கைவிட்டுவிடவில்லை. அரசின் கடமையை நினைவூட்டுவதும் இன்று நம் கையால் ஆவதைச் செய்வதும் ஒன்றையொன்று தடுப்பனவல்ல. 2014ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுகளின் எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரியின் சுமையை அரசு நீக்கியது. மக்கள் கொடுத்துக்கொண்டே கேட்டதன் பயன் அது. கொடாமலே கேட்பவரின் குரலுக்கு அவ்வலிமை வாய்ப்பதரிது.

கொடையின் கடுஞ்சோதனை வேறோரிடத்தில் வந்தது. வேல்ஸ் அறக்கட்டளையின் ஹெலிகாப்டர்கள் நிற்கும் தளங்களுள் ஒன்று பவிஸ் மாவட்டத்தின் வெல்ஷ்பூல் நகரிலும், மற்றொன்று வடமேற்கே கைர்நார்வனிலும் அமைந்தன. இவ்விரண்டையும் மூடி, வட வேல்ஸில் ஒரே தளமாக இணைக்கும் யோசனை 2022இல் வெளிப்பட்டது. நாடு முழுதும் இன்னும் பல நோயாளிகளை அடையலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2024 ஏப்ரலில் நலவாழ்வுத் துறையின் குழு அதனை ஏற்றது. அவ்வட்டார மக்கள் கொதித்தெழுந்தனர், வழக்கும் தொடுத்தனர். இத்தனை ஆண்டுகள் உண்டியல் நிறைத்தவர்கள் நாங்கள்; எங்கள் குன்றிலிருந்து ஹெலிகாப்டரை எடுத்துச் செல்வதா என்பது அவர்களின் மனக்குமுறல்.

அறநோக்கில் இவ்வழக்கு எளிதன்று. கொடுத்த பொருளின் மேல் கொடுத்தவருக்கு உரிமை எஞ்சினால் அது தானமன்று. கயிறு கட்டிய பொருள். நாட்டின் வேறு மூலையில் உள்ள அறியாத ஒருவர் கூடுதலாகப் பிழைப்பாராயின், அவரை விலக்கி எம்மைக் காப்பாயாக என்று கூறும் உரிமை நம் காசுக்கு இல்லை. இவ்வளவும் மெய்யே. ஆயினும் முன்னர்க் கூறியதை நினைவில் கொள்ளல் வேண்டும். அம்மக்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது அபயம். ஒருவருக்குக் கொடுத்த அபயத்தைத் திரும்பப் பெறுவது, கொடுக்காமலே இருந்ததினும் கடியது. ஆகவே காரணங்களையும் கணக்குகளையும் திறந்து காட்டக் கேட்பதற்கும், எமக்கு மாற்று ஏற்பாடு யாது என்று வினவுவதற்கும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பொருளின் மேல் உரிமை கொண்டாடாமையும், பொறுப்பைக் கேட்டுப் பெறுதலும் வேறு வேறு. கொடுப்போர் முன்னதை விடவேண்டும், பின்னதை விடலாகாது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். காணாத துயருக்குக் கணக்கு வைத்துக் கொடுப்பது இரக்கமே. கண்முன் நிற்கும் ஒருவரைக் கடந்து, இனி அடிபடப்போகும் எவரையும் அணைக்கும் அளவுக்கு விரிந்த இரக்கம் அது. அதனை ஒரு கடை செய்தாலும் தானமே. மூன்று பத்திகளையும் மறையாமல் எழுதினால், ஊழியரின் விருப்பத்தை மதித்தால், படம் வாராத ஆண்டிலும் தொடர்ந்தால்.

நம் அன்பர்களில் வணிகர் பலர் உளர். நம் ஊர்களிலும் காத்திருப்பாலேயே உயிர் காக்கும் பணிகள் உண்டு. இரத்த வங்கிக்கு வேண்டப்படும் நாள் நமக்கு முன்கூட்டித் தெரியாது. இரத்தம் மட்டும் முன்கூட்டியே அங்கு இருந்தாகவேண்டும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில், கண்டு இரங்கிக் கொடுத்தது எவ்வளவு, காணாமலே கொடுத்து வைத்தது எவ்வளவு என இரண்டு தொகைகளைத் தனித்தனியே எழுதிப் பார்க்கலாம். இரண்டாவது பத்தி வெறுமையாக இருப்பின், அதில் எழுதத்தக்கது யாதென அன்பர்கள் சிந்திப்பார்களாக.